பச்சைத் தண்ணீர்

லாண்டரியின் பின்சுவரோரம் வெள்ளை நுரை ஓடிக்கொண்டிருந்தது. தெரு நலச் சங்கத் தலைவர் குனிந்து, கைப்பேசியில் நாலாவது படத்தை எடுத்தார்.

"பாத்தீங்களா மேடம், இந்த லாண்டரிக்காரி பட்டப்பகல்ல விடறா. கொஞ்சமாவது பயம் இருக்கா?"

தண்ணீர்ப் பரிசோதனை நிலையத்திலிருந்து வந்த பெண், படத்தைப் பார்க்கவில்லை. நுரை போகும் வழியைப் பார்த்தாள். அது மூடி போட்ட ஒரு குழிக்குள் இறங்கியது.

"போன வாரம் ஏரியில எடுத்த தண்ணியில சோப்பு அவ்வளவா இல்ல சார். மலக்கிருமிதான் எக்கச்சக்கம். எங்கேயோ ஒரு கழிவறைத் தண்ணி, மழைநீர்க் குழாய்ல கலந்து ஏரிக்கு வருது."

"எங்கேயோ என்ன எங்கேயோ? இந்தக் கடையில ஆறு பேர் வேலை பாக்கறாங்க. ஆறு பேருக்கும் கழிவறை உள்ளதான்."

தலைவரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதமாக மழையே இல்லை. கரையிலிருந்த மழைநீர்க் குழாய் மட்டும் ஓயாமல் சொட்டியது. ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. அங்கே விளையாடிவிட்டு வந்த பேத்திக்குக் காலெல்லாம் கொப்புளம், பத்து நாள் வயிற்றுப்போக்கு. அன்றிலிருந்து லாண்டரிக்காரியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. இதுவரை மூன்று மனு கொடுத்திருந்தார்.

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க மேடம்?"

அவள் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்துக் காட்டினாள். "சாயம் சார். யாருக்கும் கெடுதல் இல்ல. கழிவறையில ஊத்தித் தண்ணி விடுவோம். குழாய் தப்பா சேர்ந்திருந்தா, ஒரு மணி நேரத்துக்குள்ள ஏரியில பச்சையா வந்து நிக்கும்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே லாண்டரிக்காரி வெளியே வந்தாள். "எங்க தண்ணி பூரா குழியோட சரிம்மா. மாசாமாசம் லாரி வந்து உறிஞ்சிட்டுப் போகுது. உள்ள வந்து பாருங்க."

"அப்புறமா வரேன்க்கா."

அந்த 'அக்கா' தலைவருக்குச் சுருக்கென்றது. அதற்குள் உறவு முறையா?

அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகும்போது தலைவர் பொருமினார். "மாசம் ஒரு லாரியாம். நாலு பேர் பாக்கறதுக்கு நாடகம். எங்க வீட்டுக் கழிவுத் தொட்டியும்தான் இருக்கு. கட்டிப் பதினாலு வருஷமாச்சு, ஒரு நாள் லாரியைக் கூப்பிட்டதில்ல. கட்டினா அப்படிக் கட்டணும்."

"ஒரு தடவைகூடவா சார்?"

"ஒரு தடவைகூட."

வீட்டில் தலைவரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பரிசோதனைக்கு வந்தவள் அவளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். மனைவி கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையாட்டி, கழிவறைப் பக்கம் கையைக் காட்டினாள். வந்தவள் பையோடு உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். இரண்டு முறை தண்ணீர் விடும் சத்தம் கேட்டது.

"கழிவறைக்குப் போறவளுக்குப் பை எதுக்கு?" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தார். "உள்ள உக்காந்து லாண்டரிக்காரிக்குப் போன் போடறாளோ என்னமோ. தண்ணி சத்தத்துல பேச்சு கேக்காது பாரு."

"சும்மா இருங்க. உங்களுக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்."

வெளியே வந்தவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "நீங்க ஏரிக்கரையில குழாய்கிட்ட நில்லுங்க சார். நான் லாண்டரி வரைக்கும் போயிட்டு வரேன்."

தலைவர் தெருவில் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு கரைக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் லாண்டரி வாசல் தெரிந்தது. வாசலில் நின்று இரண்டு பெண்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. பேச்சு முடிகிற வழியைக் காணோம்.

"வந்த வேலையை விட்டுட்டு அங்க என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?" என்று தலைவர் பல்லைக் கடித்தார். "எழுதி வெச்சுக்குங்க. ஒண்ணுமில்லைன்னு சொல்லி ஃபைலை மூடப்போறா."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. குழாயின் சொட்டு நிறம் மாறியது. முதலில் இலேசாக, பிறகு கண்ணைப் பறிக்கும் பச்சையாக ஒழுகி, கரையோரத் தண்ணீரில் பாசிபோலப் பரவியது.

"வந்துடுச்சு," என்றார் தலைவர். "நான் சொன்னேனா இல்லையா?"

கூச்சல் கேட்டு லாண்டரிக்காரி ஓடி வந்தாள். அவள் பின்னால் வேலைக்காரப் பெண்கள் ஆறு பேரும் வந்து நின்றார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கூட்டம் விடவில்லை.

"பேசாத," என்றார் தலைவர். "என் பேத்தி பத்து நாள் கிழிஞ்ச நாரா கிடந்தா. இன்னியோட உன் கடைக்குப் பூட்டு."

கூடவே வந்த பரிசோதனைக்காரப் பெண் யாரையும் பார்க்காமல் குனிந்து, பச்சைத் தண்ணீரைப் புட்டியில் பிடித்தாள். மூடியைத் திருகி, நேரத்தைக் குறித்தாள்.

"எழுதுங்க மேடம். எல்லார் முன்னாடியும் எழுதுங்க, எந்தக் கழிவறைன்னு."

அவள் நிமிர்ந்து தலைவரைப் பார்த்தாள்.

"லாண்டரியில இனிமேதான் சார் ஊத்தணும். இதுவரைக்கும் உங்க வீட்டுல மட்டும்தான் ஊத்தியிருக்கேன்."