கரை கடக்காத புயல்

“வா மக்கா, வா. நேரா வா. அங்கயிங்க திரும்பிராத.”

முருகதாஸ் சார் இப்படிக் கொஞ்சியது கம்ப்யூட்டர் திரையில் சுழன்றுகொண்டிருந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தை. மூன்று வருடமாக அவரிடம் குப்பை கொட்டுகிறேன், என்னை ஒருநாள்கூட மக்கா என்று கூப்பிட்டதில்லை.

பேரிடர் மனநல ஆய்வில் சார் பெரிய புள்ளி. நாகர்கோவிலில் எங்கள் ஆய்வு மையத்துக்கு வரும் இளம் ஆய்வாளர்களுக்கெல்லாம் அவர்தான் வழிகாட்டி. அஸ்வதியாகிய நான் பழைய ஆள். பக்கத்து நாற்காலி அஜிஷா வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

புயலுக்கு முன்னும் பின்னும் கடற்கரை மக்களின் மனநிலை. இதுதான் சார் அவளுக்குக் கொடுத்த தலைப்பு.

முன் பாதியை அவள் முடித்துவிட்டாள். வீடு வீடாக ஏறி இறங்கி, தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, பயமாக இருக்கிறதா என்று கேட்டாயிற்று. பின் பாதிக்குப் புயல் வேண்டும். அதை எந்தக் கடையில் போய் வாங்குவது? கிறிஸ்துமஸுக்குள் ஒன்று அடிக்காவிட்டால் அவளுடைய உதவித்தொகை நின்றுவிடும், ஆய்வும் அதோடு சரி.

ஆகவே, தாழ்வு மண்டலம் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக மாறியது என்று டி.வி.யில் சொன்னதும் சார் எல்லோருக்கும் ரசவடை வாங்கிக் கொடுத்தார். கட்டுரைக்குத் தலைப்பைக்கூட அடித்து வைத்துவிட்டார். புயலுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்பதால் அந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு.

அஜிஷா வடையைத் தொடவில்லை. நாலு நாளாகத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

“பாத்துப் படி. அர்ப்பணிப்புன்னா இதுதான்,” என்றார் சார் என்னிடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் பாவம், நல்ல பிள்ளை. அவளுக்காக, வந்து தொலையேன் சனியனே என்று நானும் மனசுக்குள் புயலைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலையில் அந்தச் சனியன் கடலுக்குள்ளேயே வலுவிழந்து சப்பென்று அடங்கிவிட்டது.

“சதிச்சிட்டியே பாவி,” என்று சார் நாற்காலியில் சாய்ந்தார்.

அதே நேரம் அஜிஷாவின் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டவள் எழுந்து வராந்தாவுக்கு ஓடினாள். பின்னாலேயே போய்ப் பார்த்தால், தரையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுகிறாள். உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

சார் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். சும்மா சொல்லக் கூடாது, இந்த விஷயத்தில் மனுஷன் கில்லாடி. அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். தொடவில்லை. அழாதே என்று சொல்லவில்லை. அவளாக அடங்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார். எங்களுக்குப் பாடம் எடுக்கும்போது எப்படிச் சொல்வாரோ, அட்சரம் பிசகாமல் அப்படியே.

பிறகு தணிந்த குரலில், “விடு பிள்ளே. இது போனா இன்னொண்ணு வரும். கடல் எங்கயும் போயிராது,” என்றார்.

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாக்க மீன்புடி போட்டு லட்சத்தீவுல கல்பேனியில கரை புடிச்சாச்சு சார். நாலு நாளா ஒரு தகவலும் இல்லாம இருந்திச்சு.”

அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர் என்று மையத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவள் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அந்த வராந்தாவிலேயே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

சார் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, போட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று மெல்லக் கேட்டார்.

சார் அக்கறையாக விசாரிக்கிறாரே என்று அவள் முகம் மலர்ந்தது. “பதினோரு பேரு சார். எல்லாரும் சொகமா இருக்காவ.”

சாரின் முகம் சுருங்கிவிட்டது.

“ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் ஆகல்லியா?” என்றார்.