குணசீலன் செய்த வயரிங்

சோலார் பேட்டரி வயரின் செம்பு இழைகள் இன்வெர்ட்டரின் துளைக்குள் நுழைய மறுத்தன. பாதி இழைகளை வெட்டி முடியிறக்கிவிட்டு, மீதியைத் திணித்து முறுக்கினான் குணசீலன். சுவிட்சைத் தட்டியதும், இந்த முறையும் விளக்கு எரியும் முன்னே புகைதான் வந்தது.

மேச்சேரிக்கு அப்பால் இருக்கும் அந்தத் தோட்டத்து வீட்டுக்கு மின்கம்பி இன்னும் வரவில்லை. கோபித்துக்கொண்டு கைக்குழந்தையோடு ராசிபுரம் போன மனைவி தனப்பிரியா, சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுத்தான் இருப்பதா போவதா என்று சொல்வேன் என்றிருந்தாள். பதறிப்போய் மெக்கானிக் கண்ணுசாமியை வரவழைத்தான்.

"எதுக்குங்க இழையை வெட்டுனீங்க?"

"மிச்சமா இருந்துச்சுங்க."

"அதுல மிச்சமேதுங்க? எல்லா இழையுஞ் சேர்ந்துதான் கரண்டைத் தாங்கோணும். இல்லீன்னா சூடேறி, குடியிருக்கற ஊடே எரிஞ்சுபோயிரும்."

கண்ணுசாமி கருகியதை மாற்றி, எல்லா இழைகளையும் வயர் முனையில் மாட்டும் 'லக்' என்ற செம்புக் குழலுக்குள் சேர்த்து அழுத்தி இறுக்கினார். விளக்கு எரிந்தது.

"நீங்க வந்தது யாருக்கும் தெரிய வேண்டாஞ் சாமி" என்று கெஞ்சி, அவரை வரப்பு வழியாக அனுப்பிவைத்தான் குணசீலன்.

தனப்பிரியா வந்தாள். விளக்கைப் பார்க்கவில்லை; நேராகப் போய் வயரைத்தான் பார்த்தாள். பையை இறக்கி வைத்தாள்.

"சுத்தமா இருக்குதே. யாருங்க செஞ்சது?"

குடும்பமே இந்த ஒரு பதிலில் தொங்குவதாக அவனுக்குப் பட்டது. நெஞ்சை நிமிர்த்தினான்.

"நாந்தான். தனியாளா."

அவள் பையை மறுபடி எடுத்தாள்.

"ஏம்புள்ள, இருட்டா இருக்குதுன்னுதானே போனே? இப்பத்தான் லைட்டு எரியுதே?"

"இருட்டுக்கு யாருங்க பயந்தா? நீங்க வயரிங் செஞ்ச ஊட்டுல பாப்பாவைத் தூங்க வெக்கத்தானுங்க பயமா இருக்குது."