ஒரு வரி கூடுதலான பாட்டு

முள்ளைத் தட்டின்மேல் இறக்கும்போது சசிதரின் கை நடுங்கியது.

எட்டு வருஷமாக ராஜவீதியில் இசைத்தட்டுக் கடை நடத்துகிறவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முள்ளைச் சரியான இடத்தில் வைத்துவிடுவான். ஆனால் இன்றைக்கு நடுங்காமல் என்ன செய்யும்? எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது வாடிக்கையாளர் இல்லை, அவனுக்குப் பேசியிருக்கிற பெண்.

அவிநாசியிலிருந்து வந்திருந்தார்கள். "மாப்பிள்ளை தொழில் பண்ற எடத்தை நாங்க பார்க்கோணுமல்லங்க, பொண்ணும் பார்க்கட்டும்" என்று அப்பா சீனிவாசலு, மகள் ஹரிதாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஊரே கேசட்டுக்கு மாறிவிட்ட தொண்ணூற்றொன்றில் தட்டு விற்று ஒருத்தன் சோறு தின்ன முடியுமா என்று மனுஷனுக்குச் சந்தேகம்.

வாசல் கரும்பலகையை இரண்டு தடவை படித்தார்.

வெள்ளிக்கிழமை மெட்ராஸ் பார்சலைப் பிரித்ததும் ‘இன்று வந்தவை’ என்று சசிதர் அதில் எழுதிவைப்பான். இந்த வாரம் எட்டுத் தட்டுகள், அதில் ஒன்று பழைய பாட்டு ஒன்றின் மறுபதிப்பு. கீழே ஒரு சேதியும் இருந்தது. ‘கம்பெனி இனிமேல் தட்டு அடிப்பதைக் குறைக்கப்போகிறதாம். வேண்டியவர்கள் முந்திக்கொள்ளவும்.’

"ஏனுங்க, வரத்து கொறையுதுன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கறீங்களே!" என்று சீனிவாசலு சிரித்தார்.

உண்மையைத்தானே எழுதியிருக்கிறான், பாவம். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவனும் கேசட் கடை வைத்திருப்பான்.

ஹரிதாவும் பலகையைப் பார்த்திருந்தாள். "அந்தப் பழைய பாட்டு புதுசா அடிச்சு வந்திருக்குதுங்களா? கொஞ்சம் போடுவீங்களா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

அந்தப் ‘போடுவீங்களா’வில் விழுந்தவன்தான். எழுந்திருக்கவே இல்லை.

பாட்டு தொடங்கியது. மத்தியான வெயில் கண்ணாடிக் கதவு வழியாக வந்து தட்டின்மேல் சுற்றியது. தெருவின் சத்தமெல்லாம் எங்கேயோ ஒதுங்கிப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை பார்சலை இவள் பிரிப்பாள், பலகையில் இவள் எழுதுவாள், தன் கையெழுத்தை விட நன்றாகத்தான் இருக்கும் என்று சசிதர் அதற்குள் குடித்தனமே நடத்திவிட்டான். ஆசைக்கு அணை ஏது?

ஹரிதா கண்ணை மூடிக்கொண்டு கூடவே முணுமுணுத்தாள்.

இரண்டாவது சரணத்தில் அவள் பாட்டை முந்திக்கொண்டு போய்விட்டாள். தட்டு ஒரு வரியில் இருந்தது, அவள் அதற்கடுத்த வரியில் இருந்தாள்.

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். "ஏனுங்க, இதுல ஒரு வரி கூட இருக்குதுங்களே? எங்கிட்ட இருக்கற கேசட்டுல இந்த எடத்துல டக்குன்னு ஒரு சத்தம் வருமுங்க. அப்புறம் நேரா அடுத்த வரிதான்."

"எந்தப் பொட்டிக்கடையில பதிஞ்சாங்களோ!" என்றார் சீனிவாசலு.

எந்தக் கடை என்று சசிதருக்குத் தெரியும். அவன் கடைதான்.

இதே பாட்டின் தட்டு ஒன்று முன்பொரு தடவை பார்சலில் வந்திருந்தது. வரும்போதே அதில் கீறல். சரியாக அந்த வரியில் முள் தாவும். அப்படியானால் தன் கையால் பதிந்த பாட்டை இவள் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! அடேயப்பா, முடிச்சுப் போடுகிறவன் எங்கே உட்கார்ந்து போட்டிருக்கிறான்! சசிதருக்குத் தலைகால் புரியவில்லை. சொல்லிவிட வாயைத் திறந்தான்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

தாவுகிற தட்டிலிருந்து அவன் யாருக்கும் கேசட் பதிந்து கொடுத்ததில்லை. கடைப் பேர் கெட்டுப்போகும். அந்தத் தட்டைக் கூட வந்த மறுநாளே கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டான். அதற்கு முன்னால், கெஞ்சிய ஒரே ஒருத்தனுக்காக, ஒரே ஒரு கேசட் பதிந்தான்.

மதுக்கரை சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் செங்கோடனுக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவன்.

"பேரும் கேக்காதே, ஊரும் கேக்காதே. அவங்க சாதி வேற, எங்க சாதி வேற. பாட்டாவது அவகிட்டப் போகட்டும்" என்றிருந்தான் அன்றைக்கு.

போன ஞாயிற்றுக்கிழமைதான் ஹரிதாவின் போட்டோவைச் செங்கோடனிடம் காட்டினான் சசிதர். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். "நல்ல பொண்ணுடா, உட்றாதே" என்று தோளைத் தட்டிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தக் கேசட்டை இன்னும் வெச்சிருக்கறீங்களா?" சசிதர் மெதுவாகக் கேட்டான்.

"தேஞ்சே போச்சுங்க. இருந்தாலும் அதைத்தானுங்க கேக்கறேன்" என்று சொல்லித் தலை குனிந்துகொண்டாள்.

பாட்டு முடிந்தது. சீனிவாசலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தொழில் கெடக்குதுங்க, பையன் தங்கம். எங்களுக்குப் புடிச்சுப்போச்சு. நீங்க என்ன சொல்றீங்க?"

சசிதர் முள்ளை எடுத்து அதன் இடத்தில் வைத்தான். இந்த முறை கை நடுங்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க. கொறை எங்கிட்டத்தானுங்க."

சீனிவாசலுவின் முகம் கறுத்துப்போனது. அதை அவன் பார்க்கவில்லை. ஹரிதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் அவனை நேராகப் பார்த்தாள். அந்த முகத்தில் எவ்வளவு நிம்மதி! அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.