சேறு தேய்த்த பந்து

புதிய பேஸ்பால் பந்து வழுக்காமலிருக்கச் சேறு தேய்த்துக் கொடுப்பது முப்பது வருடமாக எங்கள் குடும்பத்தின் வேலை. பயிற்சி முகாமின் முதல் நாளே பந்துவீச்சாளர் தீர்த்தகிரி, என் மகள் மங்கை தேய்த்த பந்தை என் முன்னால் வீசியெறிந்தார். "வழுக்குது பெரியவரே. நாளையிலருந்து வேற ஆளப் பாத்துக்குறோம்." நான் பந்தை எடுத்து முகர்ந்தேன். "வெயிலுக்குப் பூசுற கிரீம் வாசம் அடிக்குது தம்பி. கையக் கழுவிட்டு, இவ தேய்ச்ச இன்னொண்ணப் போடுங்க." மங்கை தண்ணீர் ஊற்றினாள். "நல்லா அழுத்தித் தேய்ங்க சார், நான் பந்தத் தேய்க்கிற மாதிரி." அவர் வீசினார். எதிரே நின்றவர் மட்டையைச் சுழற்றும் முன்பே பந்து அவருக்குப் பின்னால் பந்து பிடிப்பவரின் கையுறையில் அறைந்தது. மைதானமே கூவியது. தீர்த்தகிரி எங்களிடம் ஓடிவந்து, "இன்னொண்ணு குடும்மா" என்று கை நீட்டினார். மங்கை அந்தக் கையை முதலில் முகர்ந்து பார்த்தாள். நான் தடுக்கவில்லை.