ஐந்து பேருக்கும் ஒரே பல்

அன்று காலை பல் மருத்துவமனையில் காத்திருந்தவர்கள்: பஸ் டிரைவர் ஒருவர், டிப்போ மெக்கானிக், செக்கிங் இன்ஸ்பெக்டர், டைம்கீப்பர், கேன்டீன்காரர். ஐந்து பேரும் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் வலி கிடையாது.

"இடது பக்கம்னு சீட்டுல எழுதிக் கொடுத்தேனே, கையை மாத்துய்யா" என்று கிசுகிசுத்தார் டைம்கீப்பர்.

டிரைவர் கையை மாற்றினார். "இங்க நமக்குள்ள பழக்கமே இல்ல, மறந்துட்டியா? பேசாதே."

சின்ன டாக்டர் வேலைக்கு உட்கார்ந்து பத்து நாளாகியும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. 'சனிக்கிழமைக்குள்ள அஞ்சு பேராவது வரலேன்னா நாற்காலியைக் கழட்டிடலாம்மா' என்று இடம் கொடுத்த பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். கேன்டீன்காரர் காதுக்கு எட்டாத சேதி ஊரில் ஏது? இன்று சனிக்கிழமை.

"ஒருவேளை அவ கண்டுபிடிச்சிட்டா?" என்றார் டிரைவர்.

"அவளே நாற்காலியைத் தூக்கித் தெருவுல வெச்சிடுவா. ரோஷக்காரி. போனியா, 'ஆ'ன்னு சொன்னியா, மூடிக்கிட்டு வந்தியான்னு இரு" என்றார் டைம்கீப்பர்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். பிறகு கேன்டீன்காரர், இன்ஸ்பெக்டர், டைம்கீப்பர். உள்ளே போனவர் ஒருவரும் திரும்பி வரவில்லை. பின்பக்கம் வழி இருக்கும் என்று டிரைவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். மலைப்பாதையில் பிரேக் போனபோதுகூட அவருக்கு இப்படி வியர்த்ததில்லை. கடைசியில் அவரையும் கூப்பிட்டு நாற்காலியில் சாய்த்தார்கள்.

"எங்க வலிக்குது, சார்?"

"இடது பக்கம் கீழே, கடைசிப் பல்லு."

டாக்டர் விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அங்க பல்லே இல்லையே, சார்."

மூன்று வருடம் முன்பு பிடுங்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அதுதான் வலிக்குது" என்றார்.

அவள் கையுறையைக் கழற்றினாள். "வாசல் நோட்டுல நீங்கெல்லாம் எழுதின வந்த நேரத்தைப் பார்த்தேன். ஒன்பதுக்கு ஒருத்தர், ஒன்பது பன்னிரண்டுக்கு ஒருத்தர், ஒன்பது இருபத்துநாலுக்கு ஒருத்தர். பல்வலிக்காரங்க பஸ் மாதிரி வர மாட்டாங்க. பஸ்ஸே அப்படி வராது."

டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

"அஞ்சு பேருக்கும் ஒரே பல்லு வேற."

"நாற்காலியை மட்டும் கழட்டிடாதேம்மா" என்றார். வாய் தவறி வந்துவிட்டது.

"நான் பள்ளிக்கூடம் சேர்ந்த அன்னைக்கு, கேட் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னைவிட ஜாஸ்தியா அழுதது நீங்கதானே, மாமா?"

அவள் எழுந்து பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள். பெஞ்சில் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யார் கையும் கன்னத்தில் இல்லை.

"அம்மா இருபத்தெட்டு வயசுலேயே இறந்துபோனதிலேருந்து என் நோட்டு, செருப்பு, காலேஜ் சீட்டு எல்லாத்துக்கும் நீங்க அஞ்சு பேரும் டூட்டி போட்டுப் பார்த்துக்கிட்டீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. புள்ள அழுதுடும்னு அம்மாவைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசினதில்ல. இவங்களைக் கேட்டா, டிரைவர் வரட்டும், அவ கண்டக்டரா இருந்தது அவன் பஸ்லதான்னு சொல்றாங்க."

"நான் என்னம்மா சொல்றது?" டிரைவர் நாற்காலியிலிருந்து இறங்கி அந்த அறைக்குள் போனார்.

"மத்தியானம் வரைக்கும் வேற பேஷண்ட் இல்ல. அம்மா சத்தமா சிரிப்பாங்களா, மெதுவா சிரிப்பாங்களா? அங்கேருந்து ஆரம்பிங்க" என்றபடி, அவர் பின்னாலேயே நுழைந்து கதவைச் சாத்திப் பூட்டினாள் கண்டக்டர் மகள்.