தொழிற்பேட்டை லைன்

தொழிற்பேட்டை லைனின் சுவிட்சைத் திருப்பிவிட்டாள்.

டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஐயோ, என்ன செய்துவிட்டேன்!

இந்தத் துணை மின்நிலையத்தில் அவளுக்கு ஒன்பது வருடம். லைனை நிறுத்துமுன் பட்டறைக்காரர்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுவாள். எந்த விதியிலும் இல்லாத பழக்கம். முதல் போன் சென்னியப்பனுக்கு. இரும்பை உருக்கி வார்க்கிற சின்னப் பட்டறை அவருடையது. மின்சார உலை. பாதியில் கரண்ட் போனால் உருகிய இரும்பு உள்ளேயே இறுகிவிடும். உலை வீண். கால் மணி நேரம் கொடுத்தால் ஊற்றி முடித்துவிடுவார்.

அந்தக் கால் மணியைத்தான் மேலதிகாரியிடம் கேட்டாள்.

"ஏம்மா, கார் கம்பெனில மந்திரி நிக்கறாரும்மா. அங்க ஒரு நிமிசங்கூட கரண்ட் போகாதுன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு. லோடு தாங்கல. தொழிற்பேட்டையை நிறுத்து. இப்பவே!"

கார் கம்பெனிக்கு நிலம் இலவசம். பத்து வருடத்துக்கு வரியும் கிடையாது. பேப்பரில் படித்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. நாலு பேருக்கு வேலை கிடைத்தால் சரி என்றுதான் நினைத்தாள்.

அந்த அதட்டலுக்குப் பயந்து, சென்னியப்பனுக்குப் போன் போடுமுன் கை முந்திக்கொண்டது.

கால் மணி தாமதித்திருந்தால் என்ன? ஒரு மெமோ வந்திருக்கும். வந்து தொலையட்டுமே!

மந்திரி கிளம்பிப் போக ஒன்றரை மணி நேரம் ஆனது. அதன் பிறகுதான் லைனைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தாள். சென்னியப்பனைக் கூப்பிட்டாள். மூன்று முறை எடுக்கவில்லை.

நான்காம் முறை எடுத்தார்.

"அண்ணா, உலை…"

"இறுகிப்போச்சு அம்மிணி."

குரலில் கோபமே இல்லை. நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"என்னை மன்னிச்சிருங்கண்ணா. தப்பு எம்மேலதான்."

"அட விடு அம்மிணி. மேல சொன்னா நீ என்ன பண்ணுவே. இன்னொரு உலை வெக்க இனி என்னால ஆகாது."

பின்னால் யாரோ இரும்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் போனை வைக்கவில்லை. அவளாலும் வைக்க முடியவில்லை.

"அம்மிணி…"

"சொல்லுங்கண்ணா."

"அந்தக் கார் கம்பெனில கேட்டுக்கு வாட்ச்மேன் எடுக்கறாங்களாமா. அம்பத்தி மூணு வயசுன்னா சேத்துக்குவாங்களா?"