இரவல் கோப்பைகள்

தேயிலைத் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு ஐயா வீட்டில் இரவல் வாங்கிய கோப்பைகளை நாகலெட்சுமி மறுபடியும் துடைத்தாள்.

"இங்க பாரு சர்மிளா. இன்னைக்கு வர்ற அந்தப் பிரெஞ்சுக்காரம்மா முன்னாடி உள்ளங்கையில சீனியக் கொட்டி நக்கிக்கிட்டுத் தேத்தண்ணி குடிக்காத."

"ஏம்மா? நம்ம லயத்து வீடுகள்ல எல்லாரும் அப்படித்தானே குடிக்கிறோம்?"

"அதனாலதான் சொல்றேன். கெம்பஸ்ல பிரெஞ்சு படிக்கிற புள்ள நீ. பிரான்சுல ஆறு மாசம் அவங்க வீட்லதான தங்கிப் படிச்ச? மறுபடியும் போறப்ப அவங்க சேத்துக்க வேணாமா? இதப் பாத்தா மூஞ்சியச் சுளிப்பாங்க."

"சரி, நான் நக்க மாட்டேன். போதுமா?" சர்மிளா சிரித்தாள்.

வட்டவளை ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோவில் வந்து சேர்ந்தார் மதாம் கிளேர். நாகலெட்சுமி சீனியை நன்றாகக் கலக்கி, கோப்பையைச் சாசரோடு நீட்டினாள். ஒரு வாய் குடித்ததும் அந்தம்மாவின் முகம் சுருங்கியது. சர்மிளாவிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

நாகலெட்சுமி மகள் பக்கம் திரும்பினாள். "என்னடி கேக்குறாங்க?"

"தேத்தண்ணியிலயே சீனியப் போட்டுட்டீங்களான்னு கேக்குறாங்க."

மதாம் கிளேர் வலது உள்ளங்கையை விரித்து நாகலெட்சுமியிடம் நீட்டினார்.

"அங்க போன மொத நாளே நான் நம்ம பழக்கத்துல குடிச்சிட்டேம்மா. இப்ப அவங்க வீட்ல பேரப்புள்ளைங்க வரைக்கும் இப்படித்தான் குடிக்கிறாங்க."

நாகலெட்சுமி சீனி டின்னை எடுத்துவந்து அந்த உள்ளங்கையில் கொட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் கையிலும் கொட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.